கப்பலுக்கு ஓர் ஆள்

ஆவுடைத்தாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் தெருக்குழாயடியில். ஆவுடைத்தாய் என் மனைவி. காலை நேரம். தண்ணீர் இன்னும் வரவில்லை. குடங்கள் வரிசையாக இருந்தன, பெண்கள் சுவரோர நிழலில் நின்றார்கள். நான் பரீட்சை எழுத திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கூட்டத்தை விட்டு விலகி என்னிடம் வந்தாள்.

"இன்னைக்கு என்ன பரீச்சை?"

"கடல் சட்டம்."

"அப்ப இதோட அவன் வந்துருவானா?"

"பேப்பர் திருத்தணும்லா. ரிசல்ட் வரணும்லா," என்றேன்.

தண்ணீர் வந்துவிட்டது போல, குழாயடியில் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினாள். ஓடினாள் என்றால் ஓட்டமில்லை, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நானும் நேரமாகிவிட்டதென்று நடந்தேன்.

உட்காருங்கள் தம்பி. அந்த இரும்புப் பெட்டி மேல் வேண்டாம், துரு. இந்தக் கயிற்றுச் சுருள் மேல் உட்காருங்கள். குழாயைத் தொட்டிக்குள் விட்டாயிற்றல்லவா, அது நிறைகிற வரை உங்களுக்கும் வேலை இல்லை. இதுவரை தண்ணீர்ப் படகில் வந்தவர் மலையாளி. நல்ல மனிதர். ஆனால் நான் வாயைத் திறந்தால் படகுக்குள் இறங்கிவிடுவார். நீங்கள் ராமநாதபுரம் என்று சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

இவ்வளவு பெரிய கப்பலில் ஒரே ஒரு கிழவன் என்ன செய்கிறான் என்றுதானே பார்க்கிறீர்கள்? இங்கே இருந்தது என் மகன். அவனுக்குப் பதிலாக இப்போது நான் இருக்கிறேன். அதை முறையாகச் சொல்கிறேன். முறையாகச் சொல்லத்தான் எனக்கு வரும், நான் எம்.ஏ. படித்தவன். பன்னாட்டு ஆய்வுகள். முதல் வகுப்பு.

என் பெயர் பிச்சையா. ஆறுமுகநேரி உப்பளத்தில் எடைமேடையில் இருந்தேன். லாரி ஏறும், எடை பார்ப்பேன், லாரி இறங்கும். அடுத்த லாரி வருகிற வரைக்கும் படிப்பேன். கடலை மடித்த காகிதமானாலும் விரித்துப் படிப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்படியே தபாலில் பி.ஏ. முடித்தேன், வரலாறு. பிள்ளை ஒன்றே ஒன்று, மகராஜன். அவனும் படித்தான். கடல் படிப்பு. இந்தக் கப்பலில் ஆபீசராகச் சேர்ந்தான். எங்கள் தெருவில் வெள்ளைச் சட்டையில் தோளில் பட்டை வைத்துப் படம் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்.

இந்தத் துறைமுகத்துக்குள் வரும்போது கப்பல் சுவரில் மோதியிருக்கிறது. அதோ, முன்பக்கம் நசுங்கியிருப்பது தெரிகிறதா? துறைமுகக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்தது. கப்பல் கம்பெனி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. பிறகு கம்பெனியே இல்லை என்றார்கள். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குப் போனார்கள். கேப்டன் போகும்போது என் மகனிடம் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்றிருக்கிறார். இந்த ஊர் எழுத்து, வலமிருந்து இடம். சாமான் வந்ததற்கு ரசீது என்று நினைத்துப் போட்டுவிட்டான். இந்தக் கப்பலுக்கு நான்தான் காவல் பொறுப்பாளர், இது விலைபோகும் வரை இறங்கமாட்டேன் என்று அதில் இருந்திருக்கிறது. ஆளில்லாத கப்பல் அடித்துக்கொண்டு போய் இன்னொன்றில் மோதினால் யாரைக் கேட்பது? அதற்கு ஒரு பெயர் வேண்டும் கோர்ட்டுக்கு. இவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அவன் மட்டும்தான். எண்ணெய் தீர்ந்தது, விளக்கு நின்றது. அப்போதும் உங்கள் தண்ணீர்ப் படகில்தான் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பார்கள். அது தீருகிற வரை பேசுவான்.

நான் போகாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை. ஒரு அதிகாரி, நல்லவர், என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "அய்யா, இது இன்டர்நேஷனல் விஷயம். உங்களுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?" என்றார். நியாயம்தானே? அவரால் புரியவைக்க முடியாதென்றால், புரிந்துகொள்ள வேண்டியது என் கடமை. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ். எம்.ஏ. இன்டர்நேஷனல் ஸ்டடீஸ். தொலைநிலைக் கல்வி, வயது வரம்பில்லை. அந்த இன்டர்நேஷனல் என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அந்தச் சுவரைப் பார்த்தபடியே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆவுடையிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"படிக்கப் போறியளா? எதுக்கு?"

"அவனக் கொண்டு வரத்தான்."

"எத்தன வருசம்?"

"ரெண்டு."

கை அப்படியே நின்றுவிட்டது. "ரெண்டு வருசம் அவன் அங்கதான் கெடப்பான்னு நீங்களே முடிவு பண்ணிட்டியளா?"

காரியத்தின் வரிசை தெரியாத பேச்சு, தம்பி. முதலில் அடிப்படை. அதற்கப்புறம்தான் நடவடிக்கை. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அப்படித்தான் தொடங்கும்.

படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். அகராதி ஒரு கையில், புத்தகம் ஒரு கையில். அரசு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசுவது எப்படி. அந்த மாதங்களில் ஆவுடை டி.வி. போடுவதை நிறுத்திவிட்டாள். நான் சொல்லித்தான் நிறுத்தினாள். யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். அவளுடைய ஒத்துழைப்பை நான் எங்கேயும் சொல்வேன். என் ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில்கூடப் போட்டிருக்கிறேன், என் துணைவியாருக்கு என்று. பெயர் போடுகிற வழக்கம் இல்லை.

மகன் கூப்பிடும்போது நான்தான் முதலில் போனை எடுப்பேன். இருக்கிற சார்ஜை வீணாக்கக் கூடாதல்லவா?

"ராசா, கப்பல் எந்த நாட்டுக் கொடி?"

"ஏதோ தீவுப்பா. ஞாபகம் இல்ல."

"மேல ஏறிப் பாத்துச் சொல்லு. கொடி நாடுதான் முதல் கேள்வியே."

"கொடி கிழிஞ்சு காத்துல போச்சுப்பா. அம்மாட்ட குடுங்க."

"இரு. கையெழுத்துப் போடும்போது மொழிபெயர்ப்பாளர் யாரும் இருந்தாவளா?"

"அம்மா பக்கத்துல இல்லையாப்பா?"

அதோடு போன் செத்துவிட்டது. ஆவுடை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"கொடி கிழிஞ்சிருச்சாம்."

"சாப்ட்டானான்னு கேட்டியளா?"

கேட்கவில்லை. அதற்குப் பாடத்தில் இடமில்லை என்று நினைக்காதீர்கள். உண்டு. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு உணவு, குடிநீர் உரிமை என்று தனியாகவே இருக்கிறது. ஆனால் அது நான்காம் பருவத்தில் வருவது. அப்போது நான் இரண்டாம் பருவத்தில் இருந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஒரு ஆளு இருக்கணும்னுதான கோர்ட்டுல சொல்லுதான். ஒரு ஆளு. அது நம்ம பிள்ளையாத்தான் இருக்கணுமா? நீங்க போய் உக்காருங்களேன். அவன் எறங்கி வரட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ரேசன் கடை வரிசையா ஆவுடை, ஆளு மாத்தி நிக்கதுக்கு?"

"எடமேடைல சும்மா உக்காந்திருந்த ஆளுதான நீங்க. அங்க போயும் சும்மாத்தான இருக்கணும்."

இறையாண்மையைப் பற்றி அவளுக்குச் சுருக்கமாக விளக்கினேன். ஒரு நாட்டுக் கோர்ட்டின் உத்தரவை இன்னொரு நாட்டுக் குடிமகன் போய் மாற்று என்று கேட்க முடியாது என்று. நன்றாகத்தான் விளக்கினேன், எனக்கே பாடம் ஒருமுறை படித்தமாதிரி இருந்தது. அவள் கடைசி வரை கேட்டாள்.

"சரி, அப்ப நான் போறேன்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகொரு நாள் வாசலில் போலீஸ்காரர் வந்து நிற்கிறார். ஆவுடைத்தாய் என்பது யார், பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார்களே, விசாரிக்க வந்தேன் என்கிறார். பக்கத்து வீட்டுச் சங்கரவடிவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி போய்ப் படம் பிடித்து, எழுதிக் கொடுத்து வந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள் அந்நேரம் ரேஷன் கடையில் நின்றாள். நான்தான் போலீஸ்காரரை உட்கார வைத்துப் பேசினேன்.

"ஏட்டையா, அவளுக்கு வெளியூரே தெரியாது. மகன் நினைப்புல என்னமோ செஞ்சிட்டா. எங்கயும் போகப்போறதில்ல," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு மரியாதையான மனிதர். என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். இந்த வயசிலயா என்று ஆச்சரியப்பட்டார்.

ஆவுடை அந்தப் பாஸ்போர்ட் வருமென்று காத்திருந்தாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்ப்பாள். ரொம்ப நாள் பார்த்தாள். நான் சொல்லி அவள் மனதை நோகடிக்க விரும்பவில்லை. தானாக மறந்துவிடுவாள் என்று இருந்தேன்.

அப்போதே நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். புளியைக் குறை என்றேன். குறைத்தாள். பரீட்சை முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றும் சொன்னேன். சொல்லாமல் இல்லை.

அந்தப் பரீட்சை நாள்தான் முதலில் சொன்னேனே, அது. கடல் சட்டத்தில் கேள்வி எப்படி வந்தது தெரியுமா? பிடித்து வைக்கப்பட்ட கப்பலில் விடப்படும் மாலுமியின் நிலையை விவாதிக்க. தம்பி, சரஸ்வதியே வந்து எனக்காகக் கேள்வி போட்டதுபோல. தாள் மேல் தாள் வாங்கி எழுதினேன். பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்த பிறகும் எழுதினேன், மேற்பார்வைக்கு நின்ற அம்மா பொறுத்துக்கொண்டார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அதற்குப் பிறகுதான் போனை உயிர்ப்பித்தேன். சங்கரவடிவு அத்தனை தடவை கூப்பிட்டிருந்தாள்.

குழாயடியிலிருந்து முதல் குடத்தைக் கொண்டுவந்து வைத்தவள் அப்படியே அதன் பக்கத்தில் சாய்ந்திருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

கொள்ளி வைக்க வேண்டிய மகன் இங்கே, இந்தக் கப்பல் தட்டில். போனை அடித்தால் அணைந்து கிடக்கிறது. தண்ணீர்ப் படகு வந்தால்தான் அவனுக்கு உயிர் வரும். யார் கொள்ளி வைப்பது என்று பேச்சு வந்தது. அவளுடைய தம்பி எல்லோர் முன்னாலும் கேட்டான். "அத்தான், நீங்கதான படிச்சவிய. சட்டத்துல என்ன போட்டிருக்கு, சொல்லுங்க."

அவன் கோபம் அவனுக்கு. நானே வைத்தேன்.

மகன் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்து, வீடு கழுவி, வந்தவர்களும் போய்விட்டார்கள். எடுத்தவுடன் அம்மாவிடம் கொடுங்கள் என்றான். நான் சொன்னேன். வெகுநேரம் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் காற்று எது என்று இப்போது எனக்குத் தெரியும். மேலே அறையின் கதவுக்கு ரப்பர் போய்விட்டது, அதன் வழியாக வருகிற காற்று.

"கடைசியா என்னப்பா சொன்னா?"

"எம் பரீச்சயப் பத்தித்தான் கேட்டா," என்றேன்.

"சரிப்பா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவது குறைந்துவிட்டது. சார்ஜ் போடுவதில் ஏதோ சிக்கல் என்று நினைக்கிறேன்.

ஆய்வுக் கட்டுரையை அவளுடைய முப்பதாம் நாள் விசேஷம் கழிந்து கொடுத்தேன். படிப்பு மையத்தில் எங்களுக்கு வழிகாட்டி ஸ்டான்லி சார். என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"பிச்சையா சார், பரிந்துரைகள்ல அஞ்சாவதா ஒண்ணு எழுதியிருக்கீங்க. காவல் பொறுப்பாளர் இடத்துக்கு, சம்மதிக்கிற வேறொரு ஆளை நீதிமன்றம் அனுமதியோட நியமிக்கலாம்னு."

"ஆமா சார். வேற நாடுகள்ல உள்ள தீர்ப்புகளப் பாத்து எழுதினது."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"யார்ட்ட சார்?"

"அந்தக் கோர்ட்டுல. உங்க மகனுக்குப் பதிலா ஒருத்தர் வர்றோம்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் தம்பி, எனக்கு உதித்தது. என் கட்டுரையிலேயே வழி இருக்கிறது. இத்தனை காலம் படித்தது வீண் போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்.

என் மச்சினன் கேட்டுவிட்டு, "இதத்தான அக்கா அன்னைக்கே சொன்னா," என்றான். அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் சொன்னது ஒரு தாயின் புலம்பல். நான் எழுதியது பரிந்துரை. அதற்கு ஆதாரம் உண்டு, அடிக்குறிப்பு உண்டு.

மனுப் போட்டோம். இங்கே துறைமுகத்து ஏஜென்ட் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். கப்பலில் யாராவது ஒருத்தர் இருந்தால் போதும் அவர்களுக்கு. அந்த நீதிபதி என் முகத்தை நிமிர்ந்துகூட நன்றாகப் பார்க்கவில்லை. நான் கட்டுரையைக் கையில் வைத்திருந்தேன், கேட்டால் சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சம்மதமா என்று மட்டும் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். சம்மதம் என்றேன். கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. இருக்கட்டும். சட்டம் தெரியாமல் எப்படிக் கேட்பது?

உங்கள் மாதிரிப் படகில்தான் என்னைக் கொண்டுவந்தார்கள். ஏணியில் ஏறுகிறேன், மேலே ஒரு தாடிக்காரன் நிற்கிறான். என் மகனைக் காணோமே என்று அவனைத் தாண்டிப் பார்த்தேன். "மெதுவாப்பா, அந்தப் படி இல்ல," என்றான். அந்தக் குரலில்தான் கண்டுபிடித்தேன்.

கட்டிக்கொள்வானோ என்று நினைத்தேன். அவன் எனக்கு மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாயைக் காட்டினான். எந்த அறையில் எலி வராது என்று காட்டினான். காற்று திரும்பினால் நங்கூரச் சங்கிலி போடுகிற சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றான். நான் பையைத் திறந்து பட்டச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். படித்தான். முழுதும் படித்தான். மடிப்பு மாறாமல் மடித்துக் கையில் கொடுத்தான்.

"வெயில் படாம வைங்கப்பா. இங்க எல்லாம் வெளுத்துரும்."

படகுக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். இறங்கிவிட்டான். படகில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டு போனான். அலை எழும்பிக்கொண்டிருந்தது, பிடித்த கையை விட்டுத் திரும்பிப் பார்க்க முடிந்திருக்காது.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? தொட்டி நிறைந்திருக்காது. போன தடவை இன்னும் வெகுநேரம் ஆயிற்று. அந்தக் குழாய்த் திருகைக் கொஞ்சம் மூடிவையுங்கள், மெதுவாக விழட்டும், எனக்கு அவசரமில்லை. உட்காருங்கள். இந்தக் கப்பலை வாங்க ஆள் வருகிறதா என்று கரையில் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா? ஏலம் போட்டார்கள், யாரும் வரவில்லை என்றார் ஏஜென்ட். மறுபடி போடுவார்களாம். எப்போது என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். பகலில் இந்தத் தட்டில் காலை வைக்க முடியவில்லை. பேச்சுத் துணைக்குப் பாடங்களைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் பருவம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சில நாள், பேசுவது நான்தானா என்று நிறுத்திக் கேட்கிறேன். இது வெளியே சொல்கிற விஷயமில்லை, நம் ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், கரையில் உங்களுக்கென்று யாரும் இல்லை என்றால், சம்மதிக்கிற எந்த ஆளையும் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும். அதில் வயது இல்லை, படிப்பு இல்லை. சும்மாதான் சொல்கிறேன். ஒரு தகவலுக்கு.

சரி, போங்கள். அடுத்த முறையும் நீங்கள்தான் வருவீர்களா? மகனா? போய்ச் சேர்ந்துவிட்டான். சங்கரவடிவு போனில் சொன்னாள். வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், வாங்கித் திறந்துகொண்டானாம். யாரோடும் பேச்சு இல்லையாம், வாசலுக்கும் வருவதில்லையாம். இருந்தாலும் ஊரில் இருக்கிறான். வீட்டில் அவன் ஒருத்தன்தான்.